மலையேற மலிவான கார் போதும்

கார் பந்தயம் என்றாலே அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நம் வீடுகளில் தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் ஃபார்முலா ஒன்னை வைத்து எடுத்த முடிவு அது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஒருவர், தினமும் வேலைக்குப் போகிற காரிலேயே ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட்டிவிட்டு, அதே காரில் வீடு திரும்பவும் முடியும். அந்தப் பந்தயத்துக்கு ஹில் கிளைம்ப் என்று பெயர். போக்குவரத்து இல்லாத குறுகலான மலைப்பாதை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார். கீழே கிளம்பி மேலே முடிவுக் கோட்டைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் போட்டி.

நான் கோயம்புத்தூர்க்காரி. பீளமேட்டில் பம்பு மோட்டார் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். இப்போது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். கோடைக்காலம் வந்துவிட்டால் ஷெல்ஸ்லி வால்ஷ், ப்ரெஸ்காட், லோட்டன் பார்க் என்று அருகிலிருக்கும் மலைகளுக்குப் போய், சாலைக் கார்களுக்கான பிரிவில் ஓட்டுகிறேன். இந்த விளையாட்டுக்குப் புதிதாக வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, என்ன கார் வாங்கலாம் என்பதைத்தான். கேட்கும்போதே பலர் மனதில் ஒரு கார் இருக்கிறது. அது அநேகமாக வேண்டாத கார்.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த பொள்ளாச்சிப் பையன் ஒருவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தான். "அக்கா, எட்டாயிரம் பவுண்ட் சேத்து வெச்சிருக்கேனுங்க. டைப் ஆர்னு வேகமான காரு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். மிச்சத்துக்கு லோன் போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டான். "எட்டாயிரம் இருக்கட்டும் தம்பி, அதுல ரெண்டாயிரத்துக்கு மேல காருக்குப் போடாதே. கடன் பேச்சே வேண்டாம்" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. நான் ஏதோ சிக்கனம் பேசுவதாக அவன் நினைத்திருக்கலாம். நான் பேசியது வேகத்தைப் பற்றி.

வூஸ்டர்ஷயரில் உள்ள ஷெல்ஸ்லி வால்ஷை எடுத்துக்கொள்வோம். 1905 ஆகஸ்ட் 12 அன்று மிட்லண்ட் ஆட்டோமொபைல் கிளப் அங்கே முதல் போட்டியை நடத்தியது. எர்னஸ்ட் இன்ஸ்டோன் என்பவர் டெய்ம்லர் காரில் 77.6 விநாடியில் ஏறி அன்றைக்கு முதலிடம் பிடித்தார். இன்றும் அதே பாதையில்தான் போட்டி நடக்கிறது. பாதையின் நீளம் 1,000 கஜம், அதாவது 914 மீட்டர். ஆப்பிள், பேரி தோட்டங்களும் ஆட்டு மந்தைகளும் நிறைந்த நாட்டுப்புறத்தில், ஒரு பண்ணையின் களத்து மேட்டிலிருந்து கிளம்பி மரங்களுக்கு நடுவே மேலேறுகிற பாதை. மலையேறுவதற்கென்றே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்கள் இப்போது 23 விநாடிக்குள் ஏறிவிடுகின்றன. நம்மைப் போன்றவர்கள் சாதாரணச் சிறு காரில் 40 விநாடியை ஒட்டி ஏறினாலே மனம் நிறைந்து இறங்குவோம்.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வித்தியாசம் 100 மீட்டர். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள காரை 40 விநாடியில் 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, புவியீர்ப்புக்கு மட்டும் ஏறக்குறைய 33 குதிரைத்திறன் போய்விடும். வேகமெடுக்கவும் காற்றைக் கிழிக்கவும் வேண்டியது தனி. கார் 1,400 கிலோவானால் அந்த 33, 46 ஆகிவிடுகிறது. கனமான கார் வைத்திருப்பவர் வாங்கிய குதிரைகளில் ஒரு பங்கைத் தன் எடையைச் சுமக்கவே கொடுத்துவிடுகிறார். சமதளப் பந்தயப் பாதையில் நீண்ட நேர்ப்பாதைகள் இருப்பதால் பெரிய என்ஜின் ஈடுகட்டிவிடும். மலையில் அவ்வளவு நீளமான நேர்ப்பாதைக்கு இடமில்லை. அதனால்தான் பழைய, லேசான, 1,000 கிலோவை ஒட்டிய கார்களை நான் சிபாரிசு செய்கிறேன். புதிய கார்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் பெருத்துக்கொண்டே போகின்றன.

அடுத்தது, பந்தய நாள் எப்படிப் போகிறது என்பது. காரைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைத் தெரிந்துகொள்வதைவிட முக்கியமானது எதுவுமில்லை. காலை ஆறரை மணிக்கே போய் வரிசையில் நிற்பீர்கள். கார் பரிசோதனை முடியும். வழக்கமாகக் காலையில் இரண்டு பயிற்சி ஓட்டம், மதியம் இரண்டு கணக்கில் சேரும் ஓட்டம். நான்கையும் கூட்டினால் சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் புல்வெளியில் காத்திருப்பு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கார் ஆறிப்போன டயரோடும் ஆறிப்போன பிரேக்கோடும்தான் கோட்டுக்கு வருகிறது. சூடேற்றிக்கொள்ள ஒரு சுற்று ஓட்ட அனுமதி கிடையாது.

இதன் விளைவைக் கவனியுங்கள். நீண்ட பந்தயத்துக்கான பிரேக் பேடுகள் சூடானால்தான் பிடிக்கும். மலையில் முதல் வளைவிலேயே, ஜில்லென்று இருக்கும்போதே பிடிக்க வேண்டும். அதனால் நல்ல தரமான சாதாரணச் சாலை பேடும், புதிதாக மாற்றிய பிரேக் திரவமும் போதும். ஒரு நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டத்தில், அதுவும் மேட்டில் ஏறுகிற காருக்கு, பிரேக் கொதித்துப்போக வழியே இல்லை. பெரிய டிஸ்க், ஆயில் கூலர், தடித்த ரேடியேட்டர் என்று விற்பனைக்கு வருகிற காரில் இருப்பதையெல்லாம் பட்டியல் போட்டு விலையை ஏற்றுவார்கள். அவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசை டயரில் போடுங்கள்.

தொடக்கக் கோட்டில் நடப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் இன்னொன்றும் புரியும். கார் வந்து நின்றதும் ஒரு மார்ஷல் நீளக் கைப்பிடி வைத்த கட்டையைப் பின்சக்கரத்துக்கு அண்டைக் கொடுப்பார். இனி கார் பின்னால் உருளாது, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடலாம். காரின் முகப்பில் ஒரு சிறிய கறுப்புத் தகட்டைச் செங்குத்தாகப் பொருத்தியிருப்போம். அது ஒளிக்கதிருக்கு நேரே வரும்வரை இன்னொருவர் கையைக் காட்டி அங்குலம் அங்குலமாக நகரச் சொல்வார். பச்சை விளக்கு எரிந்ததும் பாய்ந்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூச்சை இழுத்துவிட்டு, மனம் ஒருநிலைப்பட்ட பிறகு கிளம்பலாம். தகடு கதிரை வெட்டும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். முதல் 64 அடியைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தை நேரப் பட்டியலில் தனியாகப் போடுவார்கள். அந்த ஓர் எண்ணைப் பார்த்தாலே யாருக்குக் கிளட்ச் பழகியிருக்கிறது, யார் வெறும் புகையைக் கிளப்பினார் என்று தெரிந்துவிடும்.

மேட்டில் கிளம்பும்போது காரின் பாரம் பின்னால் சாய்கிறது. முன்சக்கரங்களுக்கு விசை போகிற கார் அந்த இடத்தில் வழுக்கும். 200 குதிரைத்திறனை முன்சக்கரத்தில் வைத்துக்கொண்டு ஈரத் தார்ச்சாலையில் கிளம்புகிற புதியவருக்கு, அதில் பாதி எதற்கும் உதவாது. ப்ரெஸ்காட்டில் பார்டன் என்ற கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அங்கே உள்பக்கத்து முன்சக்கரம் லேசாகி வெறுமனே சுழலும். பொள்ளாச்சித் தம்பி ஆசைப்பட்ட கார் அருமையான கார்தான். ஆனால் அதை அடக்கி ஓட்டத் தெரிந்த பிறகுதான் அதன் அருமை கைக்கு வரும். 100 குதிரைத்திறன் உள்ள காரில், முழு ஆக்சிலரேட்டரையும் மிதித்தபடி எந்த வளைவை எடுக்க முடிகிறது, எங்கே காலை எடுக்க வேண்டியிருக்கிறது என்று முதல் பருவத்திலேயே கற்றுக்கொண்டுவிடலாம்.

சரி, எந்தக் கார்? இங்கிலாந்தின் பழைய கார் சந்தையில் நான் தேடச் சொல்வது சிலவற்றைத்தான். முதலாவது, மாஸ்டா எம்.எக்ஸ்-5. 1989இல் வெளிவந்த இரண்டு இருக்கைக் கார். பின்சக்கர விசை, சுருக்கமான கியர் மாற்றம், எங்கே போனாலும் கிடைக்கும் உதிரிபாகம். மேட்டுக் கிளம்பலில் பாரம் பின்சக்கரத்தின் மேல் விழுவது இதற்குச் சாதகம். கூரையை மடக்குகிற கார் என்பதால், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் போடாமல் மலைக்கு வராதீர்கள் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். இரண்டாவது, சிட்ரோயன் சாக்ஸோ, அதன் உடன்பிறப்பான பெஜோ 106. 900 கிலோவை ஒட்டிய எடை. இவற்றின் 1.4, 1.6 லிட்டர் என்ஜின்களை வைத்துக்கொண்டே பலர் பெரிய கார்களைத் திணறடித்திருக்கிறார்கள். மூன்றாவது, நம் ஊர்க் கைகளுக்குப் பழக்கமான ஸ்விஃப்ட். அதன் 1.6 லிட்டர் ஸ்போர்ட் வகை இங்கே பழைய விலைக்குக் கிடைக்கிறது. நான் ஓட்டுவதும் அதுதான். டொயோட்டா எம்.ஆர்-2வைப் பற்றியும் கேட்பார்கள். லேசான கார்தான். ஆனால் இருக்கைக்குப் பின்னால் என்ஜினை வைத்திருப்பதால், ஈரத்தில் பின்பக்கம் திரும்பிக்கொண்டால் புதியவருக்குப் பிடித்து நிறுத்தத் தெரியாது. அதை இரண்டாவது காராக வைத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் பழைய கார் வாங்கப் போனால் புகையைப் பார்ப்போம், ஆயில் மூடியைத் திறந்து பார்ப்போம். இங்கே முதலில் தரையில் முட்டிபோட்டு அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலைகளில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு காரைக் கீழிருந்து தின்றுவிடும். பழைய எம்.எக்ஸ்-5களில் கூரைத்துணியின் மடிப்பில் விழும் மழைநீர் வடிவதற்கு இரண்டு குழாய்கள் உண்டு. அவை இலைச்சருகால் அடைத்துக்கொண்டால், தண்ணீர் கதவுக்குக் கீழேயுள்ள சில் பகுதிக்குள் இறங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். துருவுக்கு மேல் பட்டி பூசி மறைத்த இடம் மொத்தென்று கேட்கும். அடிப்பாகம் முழுவதும் நேற்று பூசியதுபோலக் கறுப்புத் தார்ப்பூச்சு பளபளத்தால், அதை விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சாக்ஸோ, 106 என்றால் காருக்குப் பின்னால் நான்கடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். பின்சக்கரங்களின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், பின் ஆக்சிலில் உள்ள பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். சரிசெய்ய முடியும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். எந்தக் காரானாலும் கிளட்சைச் சோதித்துவிடுங்கள். மலையில் ஒவ்வொரு கிளம்பலும் அதன் ஆயுளில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. இங்கே மூன்று வருடம் கடந்த காருக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை கட்டாயம். அதில் தேறியதா, எதற்காகத் தோற்றது, எந்த இடத்தில் துரு தொடங்கியிருக்கிறது என்பதையெல்லாம் நம்பர் பிளேட் எண்ணை மட்டும் வைத்து அரசின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரே குறையை வருடத்துக்கு வருடம் எழுதிவைத்தும் உரிமையாளர் கண்டுகொள்ளவில்லை என்றால், அவர் என்ஜின் ஆயிலை எப்படி மாற்றியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாற்றங்கள் செய்த காரை வாங்கலாமா என்று கேட்பார்கள். முதல் காராக வேண்டாம். இந்தப் போட்டிகளில் கார்களை என்ஜின் கொள்ளளவை வைத்தும், எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள் என்பதை வைத்தும் பிரிக்கிறார்கள். சாலையில் ஓடும் சாதாரணக் கார், மாற்றியமைத்த கார், பந்தயக் கார் என்று அது போகும். டர்போ இருந்தால் கொள்ளளவைப் பெருக்கிக் கணக்கிட்டு அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். முந்தைய உரிமையாளர் ஆசைக்காக மாற்றிய ஒரு பாகம், உங்களை மெல்லிய கண்ணாடியிழைக் கதவும் பந்தய டயரும் போட்ட கார்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்திவிடும். அங்கே கடைசி இடத்தில் நிற்பதால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. சாதாரணப் பிரிவில் உங்களைப் போன்ற காரில் உங்களைவிட இரண்டு விநாடி வேகமாக ஏறுகிறவர் பக்கத்திலேயே நிற்பார். போய்க் கேட்டால் சொல்லித்தருவார். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் புல்வெளிப் பேச்சுதான். டயர் காற்றழுத்தத்தை யாரும் ரகசியமாக வைத்துக்கொள்வதில்லை.

இப்போது அந்த எட்டாயிரம் பவுண்டுக்கு வருகிறேன். தம்பிக்கு நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது இதுதான். கார் 2,000. நான்கு நல்ல டயர்கள் 400. பிரேக், ஆயில், பெல்ட், சக்கரக் கோணச் சீரமைப்பு எல்லாம் சேர்த்து 500. தரச்சான்று பெற்ற தலைக்கவசம், தீத்தாங்கும் அங்கி, கையுறை மூன்றுக்கும் 600. இங்கே நான் போகிற போட்டிகளில் நுழைவுக் கட்டணம் 100 பவுண்டுக்கு மேலும் 200க்குள்ளும் இருக்கிறது. ஒரு பருவத்தில் பத்துப் போட்டிக்கு 1,500 என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவும் போக 3,000 பவுண்ட் வங்கியில் அப்படியே இருக்கும். மீதியைப் பழுதுக்கும் அடுத்த பருவத்துக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். எட்டாயிரத்தையும் காரில் போட்டு அதற்கு மேல் கடனும் வாங்கியிருந்தால், மாதத்தவணை கட்டிவிட்டு நுழைவுக் கட்டணத்துக்குக் காசில்லாமல் கார் வீட்டு வாசலில் நிற்கும். இதைப் பலர் வீட்டில் பார்த்துவிட்டேன்.

முதல் நுழைவுக்கு மோட்டார்ஸ்போர்ட் யு.கே. அமைப்பு தருகிற அடிப்படை உரிமம் போதும். அதற்குத் தேர்வு கிடையாது. கார் பரிசோதனையும் பயமுறுத்தும் விஷயமில்லை. பேட்டரி ஆடாமல் இருக்கிறதா, அதன் எர்த் வயரில் மஞ்சள் நாடா சுற்றியிருக்கிறதா, சாவியை எந்தப் பக்கம் திருப்பினால் என்ஜின் நிற்கும் என்று எழுதி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். விபத்து நடந்தால் ஓடிவருகிற மார்ஷல் தடுமாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மஞ்சள் நாடா. சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார்கள், காருக்குள் எதுவும் உருண்டு திரிகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு எல்லாவற்றையும் இறக்கிப் புல்லில் வைத்துவிட்டுத்தான் நாங்கள் ஏறுவோம். காசு செலவில்லாத எடைக்குறைப்பு அது.

தனியாக இந்தச் செலவும் கனமாகத் தெரிந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கார் வாங்குங்கள். ஒரே காரை ஒரே நாளில் இரண்டு பேர் ஓட்டிப் போட்டியிடுவதை இங்கே அனுமதிக்கிறார்கள். அக்காவும் தம்பியும், கணவனும் மனைவியும், அப்பாவும் மகளும் அப்படி ஓட்டுவதை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம். இரண்டாவதாக ஓட்டுபவருக்கு டயர் கொஞ்சம் சூடாகவும் கிடைக்கும். நம் ஆட்கள் ஒரு வீட்டில் நான்கு பேர் தங்கி வாடகையைப் பகிர்ந்துகொள்கிற ஊர் இது. காரைப் பகிர்வது நமக்குப் புதிதல்ல.

ஒரு விஷயத்தில் மட்டும் சமாதானம் சொல்லித் தப்பிக்க மாட்டேன். மலையில் இரண்டு பக்கமும் மண்மேடும் மரமும் இருக்கின்றன. சறுக்கினால் ஓடி நிற்க அகலமான மணல்வெளி கிடையாது. சாதாரணக் கார் காப்பீடு போட்டிக்குச் செல்லாது. ஓட்டத்தில் காரை இடித்துவிட்டால் யாரும் காசு தரமாட்டார்கள். அதனால் விலையைப் பற்றி என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. ஞாயிறு மதியம் இந்தக் கார் மரத்தில் மோதி நசுங்கினால், திங்கட்கிழமை வீட்டில் அடுப்பெரிவதில் எந்த மாற்றமும் இருக்கக் கூடாது. அந்த அளவுக்கு மேல் எந்தக் காரையும் மலைக்குக் கொண்டுவராதீர்கள். கடனில் வாங்கிய காரோடு கோட்டில் நிற்பவரின் வலதுகாலில் வங்கியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். பயந்து ஓட்டுவார், அல்லது பயத்தை மறைக்க மிதித்து ஓட்டுவார். இரண்டுமே மலையில் ஆகாது.

மலிவான கார் என்பது ஏழைகளுக்கான ஆறுதல் பரிசு என்று யாராவது நினைத்தால், இந்த விளையாட்டின் வரலாற்றைப் பார்க்கட்டும். 1946இல் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் லண்டனுக்கு அருகே சர்பிட்டனில் இரண்டு பழைய ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பகுதிகளை வெட்டி, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக இணைத்து, 500 சிசி மோட்டார் சைக்கிள் என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஒரு காரைக் கட்டினார்கள். அது ஓடியது ப்ரெஸ்காட் மலையில். 1948இல் அந்த வகைக் கார் ஒன்றில் 18 வயது ஸ்டிர்லிங் மாஸ் மலையேறித்தான் தன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். என்ஜினைப் பின்னால் வைக்கிற அந்த ஏற்பாடு 1959இலும் 1960இலும் கூப்பர் கார்களுக்கு உலகப் பட்டத்தை வாங்கித் தந்தது. மெக்லாரன் அணியைத் தொடங்கிய புரூஸ் மெக்லாரன், நியூசிலாந்தில் பதின்வயதுப் பையனாக ஆஸ்டின் 7 என்ற சிறு காரில் முதன்முதலாகப் போட்டியிட்டதும் ஒரு மலையில்தான்.

நம் ஊரிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. கோவை கரிவரதன் மாருதி 800இன் என்ஜினை எடுத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டினார். ஊரெல்லாம் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்சென்ற என்ஜின் அது. எந்த மெக்கானிக்குக்கும் அதன் ஒவ்வொரு திருகும் தெரியும். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக ஆன நரேன் கார்த்திகேயன் இருங்காட்டுக்கோட்டையில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத்தளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். சாதாரண மக்களின் காரிலிருந்து பந்தயத்தைத் தொடங்க வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது வளைவில் நின்று கீழே ஆழியாறு அணையைப் பார்த்தபடியே என் அப்பா எனக்கு இரண்டாவது கியரின் அருமையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இன்று அந்த வளைவுகளில் இளைஞர்கள் எதிரே பேருந்து வருகிற சாலையில் ஒருவரை ஒருவர் முந்திப் பார்க்கிறார்கள். திட்டினால் அது நிற்காது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளை அடைத்து இரவில் கார் பந்தயம் நடத்த அரசால் முடிந்தது. காட்டுக்கும் விலங்குக்கும் தொந்தரவில்லாத ஏதாவது ஒரு சிறு குன்றுச் சாலையை, தனியார் தோட்டப் பாதையானாலும் சரி, ஒரு ஞாயிறு காலை அடைத்துத் தருவது அதைவிடச் சிறிய வேலை. ஒரு கிலோமீட்டர் போதும். மார்ஷல்கள், ஆம்புலன்ஸ், பார்வையாளர்களைத் தள்ளி நிறுத்தக் கயிறு, இரண்டு ஒளிக்கதிர், ஒரு கடிகாரம்.

அப்படி ஒரு போட்டியை நடத்த எந்த கிளப் முன்வந்தாலும், அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முதல் பிரிவை 1,000 சிசிக்குள், கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் சாலைக் கார்களுக்கு ஒதுக்குங்கள். ராலியில் கேட்பதுபோல ரோல் கேஜும் உடன் அமர்ந்து வழிசொல்பவரும் அதில் கட்டாயம் என்று வைக்காதீர்கள். தலைக்கவசம், நல்ல டயர், வேலை செய்யும் பிரேக், சீட் பெல்ட் இவற்றை மட்டும் கண்டிப்போடு சோதியுங்கள். அப்பாவின் ஆல்ட்டோவைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றால், அவள் காரை ஏற்றுக்கொள்கிற மாதிரி விதிகள் இருக்கட்டும். பொள்ளாச்சித் தம்பி கடைசியில் வாங்கியது 1.4 லிட்டர் சாக்ஸோ. ஏப்ரலில் லோட்டன் பார்க்கில் அவனுக்கு முதல் போட்டி. பின் ஆக்சில் பேரிங்கை இந்தச் சனிக்கிழமை என் கராஜில் மாற்றப்போகிறோம்.